லெஃப்ட் டர்ன்ல இடிச்சா எப்பவுமே திரும்பினவன் தப்புதானா?

கண்ணாடிமீசை:
மக்களே ஒரு சந்தேகம், கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க. ஊரு கலிஃபோர்னியா. என் மச்சான் ஒரு பெரிய சிக்னல்ல லெஃப்ட் எடுத்திருக்கான். ஆரோ கிடையாது, சும்மா ரவுண்டு பச்சை. பச்சை இருக்கும்போதே இன்டர்செக்‌ஷன் நடுவுல போய் நின்னு, எதிர்ல வர்றவங்க எல்லாம் போகட்டும்னு காத்திருந்திருக்கான். மஞ்சள் விழுந்துச்சு. எதிர்ல உள் லேன்ல மெதுவா வந்துட்டிருந்த பிக்கப் ஒண்ணு பிரேக் போட்டு நின்னுடுச்சு. சரி நிக்கிறாங்கன்னு இவன் திரும்பியிருக்கான், அந்த பிக்கப்புக்கு அந்தப்பக்க லேன்ல ஒரு செடான் நிக்காம வந்து இவன் வண்டியில பாசஞ்சர் சைடு பின் கதவுல ஒரே இடி. நல்லவேளை யாருக்கும் அடி இல்ல.

போலீஸ் ரிப்போர்ட்ல 21801(a)ன்னு ஒரு செக்‌ஷன் போட்டு மச்சான் மேல எழுதிட்டாங்க. எதிர் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 100% உங்க தப்புங்குறான், நம்ம இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பாக்குற அட்ஜஸ்டரும் போன்ல அஞ்சு நிமிஷம் பேசிட்டு அதையேதான் சொல்றாங்க. வீடியோவ கூட கேக்கல. டேஷ்கேம் இருக்கு. பின் கதவுல இடி விழுந்திருக்குன்னா முக்கால்வாசி திரும்பி முடிச்சுட்டான்னுதானே அர்த்தம்? மஞ்சள்ல, இல்ல சிவப்புலயே வந்தவன் மேல ஒரு தப்பும் இல்லையா?

நேர்கோடு:
சாரி ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு. லெஃப்ட் எடுக்கிறவன் வழி விடணும். விட்டிருந்தா இடிச்சிருக்காது. பின் கதவு முன் கதவு எல்லாம் சும்மா பேச்சு, அரை செகண்ட் முன்ன பின்ன போயிருந்தா வேற கதவு, அவ்ளோதான். பிக்கப் மறைச்சுதுன்னா அந்தப்பக்க லேன் தெரியலன்னுதானே அர்த்தம், தெரியாத லேனுக்குள்ள எப்படி வண்டிய விடுறது?

வளைவுராணி:
@நேர்கோடு நீங்க சொல்றது பாதி சரி. ஆனா 21801ல (a) மட்டும் இல்லங்க, (b)யும் இருக்கு, அத யாருமே பேச மாட்டேங்குறாங்க. (a) சொல்றது, ஆபத்தா இருக்கிற அளவுக்கு பக்கத்துல வர்ற வண்டிங்களுக்கு திரும்புறவர் வழி விடணும், பத்திரமா திரும்ப முடியுற வரைக்கும் காத்திருக்கணும். (b) சொல்றது, அப்படி வழி விட்டு, இண்டிகேட்டரும் போட்டவர் திரும்பலாம், அதுக்கப்புறம் எதிர்ல வர்றவங்கதான் இவருக்கு வழி விடணும். அதாவது முன்னுரிமைங்கிறது நேரா வர்றவருக்கு எழுதிக் குடுத்த பட்டா இல்ல.

அதோட பச்சைல உள்ள போய் நின்னவர் அங்க நிக்கிறது சட்டப்படி சரிதான். விளக்கு மாறினா அவர் வெளிய வந்துதானே ஆகணும், நடுரோட்டுல எவ்ளோ நேரம் நிக்கிறது?

நேர்கோடு:
(b) எப்ப ஆரம்பிக்கும்? (a) முடிஞ்சாதான் ஆரம்பிக்கும். செடான் இடிச்சுடுச்சு, அப்ப அது ஆபத்தான தூரத்துலதான் வந்திருக்கு, அப்ப (a) முடியல. உங்க வாதம் அங்கயே படுத்துடுச்சு மேடம்.

வளைவுராணி:
இடிச்சுது அதனால ஆபத்துன்னு பின்னாடி இருந்து முன்னாடி கணக்கு போட்டா, உலகத்துல எந்த லெஃப்ட் டர்ன் விபத்துலயும் எதிர்ல வந்தவர் மேல தப்பே வராதே? திரும்ப ஆரம்பிச்ச நிமிஷத்துல அவர் எங்க இருந்தார், என்ன வேகம்னுதான் பாக்கணும். 45 மைல் வேகத்துல வர வேண்டியவர் 70ல வந்தா, நான் பாத்தப்ப அவர் ரொம்ப தூரத்துல இருந்திருப்பார்.

பழைய_அட்ஜஸ்டர்:
நான் சில வருஷம் ஆட்டோ க்ளெய்ம் பாத்தவன், இப்ப அந்த வேலைல இல்ல. உள்ள நடக்குறத சொல்றேன். லெஃப்ட் டர்ன்னு ஃபைல் வந்தா மனசுல முதல்லயே 100-0ன்னு விழுந்துடும். அத மாத்தணும்னா திரும்பினவர் பக்கம்தான் சாட்சியம் கொண்டு வரணும். நேரா வந்தவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல, சும்மா இருந்தாலே ஜெயிப்பார். இத நியாயம்னு சொல்லல, நடப்ப சொல்றேன்.

மாத்துற விஷயம் மூணோ நாலோதான். எதிர் பார்ட்டி சிவப்புல வந்தார்னு வீடியோ, இல்ல சம்பந்தமில்லாத ஒரு சாட்சி (வண்டியில கூட இருந்த பொண்டாட்டி, மாமனார் சொன்னா எடுத்துக்க மாட்டோம்). அதிவேகத்துக்கு ஏதாவது கணக்கு. ராத்திரில ஹெட்லைட் போடாம வந்தது. ரைட் டர்ன் லேன்ல இருந்து நேரா வந்தது. இதெல்லாம் இல்லாம "அவன் வேகமா வந்தான் சார்"னு வாயால சொன்னா நோட்ல எழுதிக்குவோம், அவ்ளோதான்.

போலீஸ் ரிப்போர்ட்ட பாத்து ரொம்ப பயப்படாதீங்க. கலிஃபோர்னியால சிவில் வழக்கு விசாரணைல விபத்து ரிப்போர்ட்ட ஆதாரமா வைக்க முடியாது. ஆனா அட்ஜஸ்டர் அதத்தான் முதல்ல படிப்பார், அதனால மதிப்பே இல்லன்னும் நெனைக்காதீங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்லலன்னு சொல்றேன்: சேதம் 1000 டாலருக்கு மேலன்னா 10 நாளைக்குள்ள டிஎம்விக்கு (லைசென்ஸ், வண்டிப் பதிவு பாக்குற அரசு ஆஃபீஸ்) எஸ்ஆர்-1ங்கிற விபத்து ஃபாரம் அனுப்பணும், தப்பு யார் மேலன்னாலும். போலீஸ் வந்தாங்க, இன்ஷூரன்ஸ்ல சொல்லிட்டோம்னு விட்டுடாதீங்க, அது வேற இது வேற.

கரோலினாக்காரன்:
நீங்க கலிஃபோர்னியால இருக்கீங்க, குடுத்து வச்சவங்க. அங்க 1975ல லீ எதிர் யெல்லோ கேப்னு ஒரு தீர்ப்பு வந்ததுல இருந்து, உங்க மேல 80% தப்புன்னாலும் மிச்ச 20% எதிர் பார்ட்டிகிட்ட இருந்து வாங்கலாம். இங்க நார்த் கரோலினால நம்ம மேல ஒரு சதவீதம் தப்புன்னாலும் பட்டை நாமம். அலபாமா, மேரிலாண்ட், வர்ஜீனியாலயும் இதே கதைதான். டெக்சாஸ்ல 50% வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா ஒண்ணும் கிடையாது.

இதுல வர்ஜீனியா தமாஷு. அங்க சட்டத்திலயே எழுதி வச்சிருக்காங்க, வேக வரம்ப மீறி வர்றவன் தனக்கு இருந்த முன்னுரிமைய இழந்துடுறான்னு. அதே ஊர்லதான் திரும்பினவன் மேல துளி தப்பு இருந்தாலும் கைக்கு ஒண்ணும் வராது. ஒரு கையால குடுத்து இன்னொரு கையால புடுங்கிக்கிறது.

சிக்னல்சித்தர்:
சிக்னல் டைமிங் போடுற வேலைலதான் இருக்கேன், ரெண்டு விஷயம் சொல்லிட்டு போறேன்.

முதல்ல, தனக்கு மஞ்சள் விழுந்தா எதிர்ல வர்றவனுக்கும் மஞ்சள்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. எல்லா சிக்னல்லயும் அப்படி இல்ல. சில இடத்துல எதிர்ப்பக்கத்துக்கு கடைசியா லெஃப்ட் ஆரோ குடுப்பாங்க, அப்ப உங்க பக்கம் மஞ்சள் சிவப்புன்னு போகும், எதிர்ப்பக்கம் நேரா வர்றவனுக்கு பச்சை அப்படியே ஓடும். நடுவுல நிக்கிறவன் தன் மஞ்சள பாத்து அவனும் நிப்பான்னு நம்பி திரும்புவான், அவன் பச்சைல முழு வேகத்துல வருவான். எங்க ஃபீல்டுல இதுக்கு பேரே யெல்லோ ட்ராப், மஞ்சள் பொறி. மினுக்குற மஞ்சள் ஆரோ வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம், சிக்னல், ரோடு போர்டுக்கான 2009 ஃபெடரல் மேனுவல்ல அது முறையா சேந்துச்சு. அந்த ஆரோ எதிர்ப்பக்க விளக்கு மாறுறத வச்சு ஓடும், உங்க பக்க ரவுண்டு விளக்க நம்பாது. மினுக்குதுன்னா போலாம்னு இல்ல, எதிர்ல பாத்து வழி விட்டு போன்னு அர்த்தம், அதையும் நெறைய பேர் பச்சை மாதிரியே நெனச்சு போறாங்க.

உங்க மச்சான் கேஸ்ல பிக்கப் நின்னுச்சுன்னா அந்தப் பக்கமும் மஞ்சளாதான் இருந்திருக்கும். ஆனா ஊகம் வேணாம். சிட்டில டைமிங் ஷீட் கேளுங்க, பப்ளிக் ரெக்கார்டுதான், குடுப்பாங்க.

ரெண்டாவது, வண்டிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி. எதிர் லேன தாண்டி லெஃப்ட் எடுக்க ஒரு காருக்கு 5.5 செகண்ட் இடைவெளி வேணும்னு ரோடு டிசைன் கணக்கு, கூடுதலா தாண்டுற ஒவ்வொரு லேனுக்கும் அரை செகண்ட். ரெண்டு லேன்னா 6 செகண்ட். 45 மைல்ல வர்ற வண்டி செகண்டுக்கு 66 அடி போகும், 6 செகண்டுல 396 அடி. ஃபுட்பால் மைதானத்த விட நீளம். அதே 396 அடிய 60 மைல்ல வர்றவன் நாலரை செகண்டுல முடிச்சுடுவான். நேரா நம்மள பாத்து வர்ற வண்டி 45லயா 60லயான்னு மனுஷ கண்ணால பிரிச்சு சொல்றது ரொம்ப கஷ்டம், கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும், அவ்ளோதான் தெரியும். பைக்னா இன்னும் மோசம்.

வளைவுராணி:
பைக் விஷயம் நூறு சதவீதம் உண்மை. கண்ணாடிக்கு பக்கத்துல இருக்கிற அந்த முன் தூண்ல ஒரு பைக் முழுசா மறைஞ்சுடும். அதுவும் லெஃப்ட் எடுக்கும்போது கிராஸ்வாக்ல நடக்கிறவங்க சரியா அந்த தூணுக்குப் பின்னாடியே நகர்வாங்க, நம்ம திரும்புற வேகமும் அவங்க நடக்குற வேகமும் ஒத்துப் போனா கடைசி வரைக்கும் தெரியவே மாட்டாங்க. சீட்ல உக்காந்தே தலைய முன்ன பின்ன ஆட்டிப் பாக்கணும்.

ஓரமாபோ:
இதுக்குத்தான் நான் லெஃப்டே எடுக்குறதில்ல 😂 மூணு ரைட் எடுத்து சுத்தி வந்துடுவேன். பார்சல் கம்பெனி யூபிஎஸ்காரனே லெஃப்ட் குறைக்கிற மாதிரிதான் ரூட் போடுறான். நியூ ஜெர்ஸில ஜக்ஹாண்டில்னு வலது பக்கமா இறக்கி சுத்தி விடுவாங்க, திட்டிக்கிட்டேதான் ஓட்டுவேன், இப்ப அருமை தெரியுது.

கண்ணாடிமீசை:
எல்லாருக்கும் நன்றி. @சிக்னல்சித்தர் அண்ணா நீங்க சொன்ன மாதிரி டைமிங் ஷீட் கேட்டு வாங்கிட்டோம். ரெண்டு பக்கமும் ஒண்ணாதான் மஞ்சள் விழுது, 4.3 செகண்ட். அந்த யெல்லோ ட்ராப் இல்ல. டேஷ்கேம் செகண்டுக்கு 30 ஃப்ரேம். மஞ்சள் விழுந்த ஃப்ரேம்ல இருந்து இடி சத்தம் கேக்குற ஃப்ரேம் வரைக்கும் எண்ணினோம், 148 வருது. 4.9 செகண்ட்! 4.3 முடிஞ்சு அதுக்கப்புறம்தான் இடி. அப்ப செடான் சிவப்புல வந்திருக்கான்னு ஆயிடுச்சுல்ல?

சிக்னல்சித்தர்:
அவசரப்படாதீங்க தம்பி. இடிச்ச நேரம் கணக்கு இல்ல, அவன் ஸ்டாப் லைன தாண்டின நேரம்தான் கணக்கு. ஸ்டாப் லைன்ல இருந்து இடி விழுந்த இடம் எவ்ளோ தூரம்? மேப்ல அளந்து சொல்லுங்க.

கண்ணாடிமீசை:
சாட்டிலைட் மேப்ல அளந்தேன். 75 அடி வருது.

சிக்னல்சித்தர்:
சரி, சேந்து போடுவோம். 45 மைல்ல வந்திருந்தா 75 அடிய தாண்ட 1.1 செகண்ட். 4.9ல கழிங்க, 3.8. அதாவது மஞ்சள் விழுந்து 3.8வது செகண்ட்ல ஸ்டாப் லைன தாண்டியிருக்கான், இன்னும் அரை செகண்ட் மஞ்சள் பாக்கி. சிவப்புல தாண்டினான்னு சொல்லணும்னா அந்த 75 அடிய 0.6 செகண்டுல கடந்திருக்கணும், 80 மைலுக்கு மேல வருது. 80ல வந்து இடிச்சிருந்தா உங்க மச்சான் வீட்டுல உக்காந்துட்டு இருக்க மாட்டார், ஆஸ்பத்திரில இருந்திருப்பார்.

கலிஃபோர்னியால மஞ்சள்ல உள்ள நுழையுறது குத்தம் இல்ல. மஞ்சள் ஒரு எச்சரிக்கைதான், சிவப்பு வரப்போகுதுன்னு.

இன்னொரு கசப்பும் சொல்லிடுறேன். அந்த 4.3 எங்க இருந்து வந்ததுன்னா, ஒரு செகண்ட் யோசிக்க, மிச்சம் நிதானமா பிரேக் போட. 45க்கு அந்த கணக்குல சரியா 4.3தான் வரும். மஞ்சள் விழும்போது லைன்ல இருந்து 284 அடிக்குள்ள இருக்கிறவன் நிக்காம போகலாம்னுதான் டிசைனே. உங்க செடான் 45ல வந்திருந்தா அப்ப கிட்டத்தட்ட 250 அடில இருந்திருக்கான். அப்ப அவன் பண்ணது மஞ்சள் எதுக்காக இருக்கோ அதுதான்.

நேர்கோடு:
🙏 நான் முதல் போஸ்ட்லயே சொன்னேன்.

வளைவுராணி:
@நேர்கோடு நீங்க சொன்னது "யோசிக்க என்ன இருக்கு"ன்னு. இப்ப இவ்ளோ யோசிச்சப்புறம்தான் சிவப்பு இல்ல மஞ்சள்னே தெரிஞ்சுது. அதுவும் எல்லாமே 45ல வந்தான்னு வச்சுத்தான். வேகம் இன்னும் யாருக்கும் தெரியாது.

சிக்னல்சித்தர்:
அது சரியான கேள்வி. வேகத்துக்கு வழி இருக்கு. பிக்கப் மறைக்கிறதுக்கு முன்னாடி செடான் வீடியோல எங்கயாவது தெரியுதா பாருங்க. ரெண்டு லேனுக்கு நடுவுல போடுற வெட்டு வெட்டு வெள்ளைக்கோடு ஃபெடரல் கணக்குல 10 அடி கோடு, 30 அடி இடைவெளி, ஒரு சுத்து 40 அடி, ஆனா கலிஃபோர்னியால அளவு மாறும். எத்தன ஃப்ரேம்ல எத்தன கோடு தாண்டுதுன்னு எண்ணினா வேகம் கிடைக்கும். எதிர்ல வர்ற வண்டிக்கு கேமரா கோணத்துல கொஞ்சம் கஷ்டம், ஆனா சாலையோர விளக்குக் கம்பம், கடை போர்டு ஏதாவது கூட வச்சு பாத்தா ஓரளவு வரும். கோட்ட மேப்லயும் ஒருக்கா அளந்துக்குங்க, புதுசா பெயிண்ட் அடிச்ச இடத்துல மாறும்.

செடான் வண்டிக்குள்ள இருக்கிற பெட்டியிலயும் இடிக்கு முன்னாடி 5 செகண்ட் வேகம், பிரேக் எல்லாம் பதிவாகியிருக்கலாம். ஆனா அந்த டேட்டா வண்டி ஓனருக்குச் சொந்தம், 2015 ஃபெடரல் சட்டம். அவர் சம்மதிக்கணும், இல்ல கோர்ட் உத்தரவு வேணும். ஆளுக்கு அடிபடாத கேஸுக்கு யாரும் அவ்ளோ தூரம் போக மாட்டாங்க.

கண்ணாடிமீசை:
மறையுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தெரியுது. ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவுல எண்ணிப் பாத்தோம், 52ல இருந்து 56 மைலுக்குள்ள வருது. போர்டுல போட்ட வரம்பு 45. மச்சான் குதிக்கிறான்.

பழைய_அட்ஜஸ்டர்:
குதிக்க வேணாம்னு சொல்லுங்க. இத எழுத்துல அனுப்புங்க, போன்ல பேசாதீங்க. வீடியோ, டைமிங் ஷீட், மேப்ல அளந்த படம், ஃப்ரேம் எண்ணிக்கை, எல்லாம் ஒரே ஈமெயில்ல. "தப்பு யார் மேலன்னு மறுபடியும் பரிசீலிக்கணும்"னு ஒரு வரி. நம்ம இன்ஷூரன்ஸ், எதிர் இன்ஷூரன்ஸ் ரெண்டுக்கும். உணர்ச்சி வசனம் எதுவும் வேணாம், "என் மச்சான் ரொம்ப நிதானமா ஓட்டுறவன்"னு எழுதுவாங்க பாருங்க, அத யாரும் படிக்கிறதில்ல.

என்ன கிடைக்கும்னா, 50-50 ஆசப்படாதீங்க. மறைஞ்சிருந்த லேனுக்குள்ள போனது பெரிய பாயிண்ட், அது போகாது. வேகத்துக்காக எதிர் பார்ட்டி மேல ஒரு 20, 30 சதவீதம் போட்டா நல்ல ரிசல்ட்னுதான் நான் சொல்வேன். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கலிஃபோர்னியால 51 சதவீதமோ அதுக்கு மேலயோ உங்க மேல தப்புன்னாதான் "முக்கிய தப்பு உங்களுது"ன்னு ரெக்கார்டுல ஏறி, குட் டிரைவர் தள்ளுபடிக்கு ஆபத்து வரும். 100 ஆனாலும் 70 ஆனாலும் பிரீமியத்துக்கு ஒரே அடிதான். அப்ப 70க்கு எதுக்கு சண்டை போடணும்? வண்டி சேதத்துல 30 சதவீதம் எதிர் பார்ட்டிகிட்ட இருந்து வரும், டிடக்டிபிள்ல, அதாவது ரிப்பேருக்கு நீங்க கையில இருந்து கட்டுற பங்குல, ஒரு பகுதி திரும்பும், அவர் உங்ககிட்ட கேக்குற தொகையும் அந்த அளவு குறையும். அதுக்காக. பிரீமியம் குறையும்னு கனவு கண்டு ரெண்டு மாசம் ரத்தக்கொதிப்ப ஏத்திக்காதீங்க.

ஒத்து வரலன்னா ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு, தனி ஆளுக்கு 12,500 டாலர் வரைக்கும், வக்கீல் கிடையாது. கேஸ் அந்த டிரைவர் மேல போடணும், அவர் இன்ஷூரன்ஸ் மேல இல்ல. பொருள் சேதத்துக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, அவசரம் இல்ல.

கரோலினாக்காரன்:
ஒரு சின்ன விஷயம், யாராவது படிச்சா உபயோகமா இருக்கும். நடுவுல நின்னு காத்திருக்கும்போது சக்கரத்த நேரா வச்சிருங்க, இடது பக்கம் திருப்பி வைக்காதீங்க. பின்னாடி ஒருத்தன் போன் பாத்துட்டு வந்து இடிச்சா, திருப்பி வச்ச வண்டி நேரா எதிர் லேனுக்குள்ள போய் விழும். அப்புறம் உள் லேன்ல நிக்கிறவன் "போ போ"ன்னு கை காட்டுவான், அந்த கைய நம்பாதீங்க. அவன் லேனுக்கு மட்டும்தான் அவன் கை, பக்கத்து லேன்ல வர்றவனுக்கு அவன் கை காட்டுனது தெரியாது.

கண்ணாடிமீசை:
ஈமெயில் அனுப்பியாச்சு. நம்ம பக்கம் அட்ஜஸ்டர மாத்தியிருக்காங்க, புது ஆள் வீடியோ பாத்துட்டேன், எதிர் இன்ஷூரன்ஸ்கிட்ட பேசுறேன்னு மட்டும் எழுதியிருக்கார். எஸ்ஆர்-1 எட்டாவது நாள் அனுப்பிட்டோம், அத ஞாபகப்படுத்தின @பழைய_அட்ஜஸ்டர் சாருக்கு தனி நன்றி. மச்சான் இப்போதைக்கு ஓரமாபோ அண்ணன் கட்சில சேந்துட்டான், எல்லாமே மூணு ரைட்டுதான்.

ஓரமாபோ:
வரவேற்கிறோம் 😂

புதுலைசென்ஸ்:
இழை நல்லா போகுது, நடுவுல ஒரு கேள்வி. எனக்கு லெஃப்ட் ஆரோ பச்சை, நான் யூ டர்ன் எடுக்கிறேன். அந்தப் பக்க குறுக்குத் தெருவுல இருந்து ஒருத்தர் சிவப்புல ரைட் எடுத்து அதே லேனுக்கு வர்றார். யார் நிக்கணும்? நேத்து ஒருத்தர் ஹாரன் அடிச்சு கையெல்லாம் ஆட்டினார்.

வளைவுராணி:
அவர்தான் நிக்கணும். சிவப்புல ரைட் எடுக்கிறவர் நின்னு, பக்கத்துல வர்ற எல்லா வண்டிக்கும் வழி விட்டு அப்புறம்தான் போகணும். உங்களுக்கு பச்சை ஆரோ, அங்க யூ டர்ன் கூடாதுன்னு போர்டும் இல்லன்னா வழி உங்களுது. சில இடத்துல ரைட் எடுக்கிறவருக்கும் அதே நேரத்துல பச்சை ஆரோ குடுத்திருப்பாங்க, அங்க யூ டர்ன் எடுக்கிறவர் வழி விடணும்னு தனியா போர்டு இருக்கும், இல்ல யூ டர்னே தடை பண்ணியிருப்பாங்க. அந்த சிக்னல்ல ஒருக்கா போர்டு இருக்கா பாத்துட்டு சொல்லுங்க.

புதுலைசென்ஸ்:
போர்டு ஒண்ணும் இல்லக்கா. அப்ப நாளைக்கு நானும் ஹாரன் அடிக்கலாமா?

நேர்கோடு:
அடிங்க, ஆனா பிரேக்ல கால் வச்சுட்டு அடிங்க.